ஆள் பார்த்து அணையும் சிகரட்

வெயில் சாய்ந்த பிறகு திருகோணமலையில் வீட்டுக்குள் இருப்பவர்கள் நோயாளிகளும் பரீட்சைக்குப் படிப்பவர்களும்தான். மற்றவர்கள் டச்சு பே மணலில் கச்சான் கொறித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். உட்துறைமுக வீதிக் கட்டில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வள்ளங்களைப் பார்ப்பார்கள். மக்கேய்சர் மைதானத்தில் பந்தடி நடந்தால் விளையாடுகிறவர்களைவிட விமர்சிக்கிறவர்கள் அதிகமாக நிற்பார்கள். அநுராதபுரச் சந்தியில் ஆட்டோக்காரர்களின் அரசியல் அரங்கம் கூடிவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் துறைமுகம், நடுவில் ஒடுங்கிய நிலம் என்று அமைந்த ஊர் இது. இதன் பொதுவாழ்க்கைக்குக் கூரை கிடையாது.

நாட்டின் புகைத்தல் தடைச் சட்டமோ கூரைகளைப் பற்றியது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம். அந்த வருடம் டிசம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. மூடப்பட்ட பொது இடங்களிலும் வேலைத்தலங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் புகைக்கக் கூடாது என்கிறது. 21 வயதாகாதவருக்கு விற்கக் கூடாது. விளம்பரம், அனுசரணை, தானியங்கி இயந்திரத்தில் விற்பனை எல்லாவற்றுக்கும் தடை. காகிதத்தில் பார்த்தால் இது துணிச்சலான சட்டம். இந்தியாவில் வயதெல்லை 18தான். அமெரிக்கா நாடு முழுவதற்கும் 21 என்று உயர்த்தியது 2019 டிசம்பரில். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை ஆசியாவிலேயே முதலில் உறுதிசெய்த நாடும் இலங்கைதான், 2003 நவம்பரில்.

ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாலையில் திருகோணமலையைச் சுற்றி வந்தால், அது பேசாத இடங்களில்தான் ஊரே இருக்கிறது. கடற்கரையைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தி, கட்டு, மைதானத்து ஓரம், மீன்வாடி முற்றம் எதுவும் மூடப்பட்ட இடமல்ல. இங்கெல்லாம் ஒருவர் சட்டப்படி நிம்மதியாகப் பற்றவைக்கலாம்.

அப்படியும் அவர் நிம்மதியாக இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். கட்டில் இருக்கும் இளைஞனின் விரலிடுக்கில் சிகரட். சைக்கிளில் வயதான ஒருவர் வருகிறார். சட்டென்று சிகரட் உள்ளங்கைக்குள் மடிகிறது, கை முதுகுக்குப் பின்னால் போகிறது, வாயில் இருந்த புகை மூக்கு வழியாக மெல்லக் கசிகிறது. வந்தவர் பொலிஸ் அல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அல்ல. பத்தாம் வகுப்பில் கணிதம் படிப்பித்த சேர். அவர் கடந்து இருபது யார் போனதும் சிகரட் திரும்பவும் உதட்டுக்கு வருகிறது.

திருகோணமலையில் உண்மையாக நடைமுறையில் இருக்கும் புகைத்தடை இதுதான். எங்கே நிற்கிறாய் என்று அது கேட்பதில்லை. யார் பார்க்கிறார்கள் என்றுதான் கேட்கும். தகப்பன், தகப்பனின் கூட்டாளி, தாய்மாமன், பள்ளிக்கூடத்து ஆசிரியர், கோயில் ஐயர், மௌலவி, பாதர் என்று அதன் பட்டியல் நீளம். நாற்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சொந்தமாகக் கடை வைத்திருப்பவர், தன் தகப்பனைக் கண்டால் இன்றும் சிகரட்டை எறிந்துவிடுகிறார். மகன் புகைப்பது தகப்பனுக்குத் தெரியும். தகப்பனுக்குத் தெரியும் என்பது மகனுக்கும் தெரியும். ஆனாலும் எறிகிறார். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகங்கள் வாழும் இந்த மாவட்டத்தில் எத்தனையோ விடயங்களில் உடன்பாடு இல்லை. பெரியவருக்கு முன்னால் புகைக்கக் கூடாது என்பதில் மட்டும் மூவரும் ஒரே கட்சி.

இந்த வழக்கத்தைப் பழமை என்று சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. ஊரின் பொது இடங்களில் புகை இந்த அளவோடு நிற்பதற்கு வர்த்தமானியைவிட இதுவே பெரிய காரணம். ஆனால் இதற்குள் ஓர் அநியாயம் இருக்கிறது. மரியாதைக்குரியவர்களை மட்டுமே இது காப்பாற்றும். தகப்பனுக்கு முன்னால் எறியப்பட்ட சிகரட் மனைவிக்கு முன்னால் எறியப்படுவதில்லை. மடியில் ஏற வரும் மூன்று வயதுப் பிள்ளைக்காகவும் எறியப்படுவதில்லை. தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவும் பெடியனின் முகத்துக்கு நேரே ஊதுகிறவர், முதலாளி உள்ளே வந்தால் அணைக்கிறார். பெரியவர்களின் கண்ணுக்குப் புகை படாமல் பார்த்துக்கொள்ளும் ஊர், சின்னவர்களின் நெஞ்சுக்குள் அது போவதைக் கணக்கெடுப்பதில்லை. பிறர் விடும் புகையால் உலகில் ஆண்டுதோறும் செத்துப்போகிறவர்கள் பத்து இலட்சத்துக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவர்களில் யாரும் புகைத்தவர்கள் அல்லர்.

சட்டம் வந்த மாதத்தில்

2006 ஓகஸ்டில் இது சட்டமானபோது திருகோணமலையில் யாராவது அதைக் கவனித்திருப்பார்களா? ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூரில் சண்டை. ஊரே குழந்தைகுட்டிகளோடு வெளியேறியது. ஓகஸ்ட் 4ஆம் திகதி அங்கே பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் கைமாறியது. டிசம்பர் 1ஆம் திகதி, இனி மூடிய இடத்தில் புகைக்கக் கூடாது என்று நாட்டுக்கு அறிவிக்கப்பட்டபோது, இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூடிய இடம் என்று ஒன்றே இருக்கவில்லை. தறப்பாளின் கீழே இருந்தார்கள்.

அதற்கும் பதினொரு மாதம் முன்னதாக, ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் கூடியிருந்த மாணவர்கள் ஐந்து பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். புகைத்தலைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். கடற்கரையிலும் புகைத்தலைத் தடைசெய்து பொலிஸாரை ரோந்து விடலாம் என்று கொழும்பில் இருந்து யோசனை சொல்வது சுலபம். இந்தக் கடற்கரையில் மாலை நேரத்தில் சீருடைக்காரர் ஒருவர் இளைஞர் கூட்டத்தை நோக்கி நடந்துவந்தால், அந்த இளைஞர்களின் தாய்மாருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிகரட் அல்ல. எந்த விதியையும் யார் கையில் கொடுத்து அமுல்படுத்துவது என்பது இந்த ஊரில் சின்னக் கேள்வியே இல்லை.

சட்டம் அந்தப் பொறுப்பைப் பொலிஸாருக்கும் மதுவரி அதிகாரிகளுக்கும் மட்டும் கொடுக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் கொடுத்திருக்கிறது. ஊர்ப்பேச்சில் பி.எச்.ஐ. நுளம்புக் குடம்பியைத் தேடி வளவுக்குள் வருகிறவர், பேக்கரி மாவைச் சோதிக்கிறவர், கொரோனா காலத்தில் வீட்டுக் கதவில் அறிவித்தல் ஒட்டியவர். அவரைக் கண்டால் பயம் இருக்கும், பதற்றம் இருக்காது. புகைத்தல் விதிகளுக்கு இந்த ஊரில் பொருத்தமான முகம் அவருடையதுதான் என்பது என் எண்ணம். டெங்கும் உணவுச் சோதனையும் போக அவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பது வேறு கதை.

கடையும் கண்ணாடிப் போத்தலும்

புகையிலை இந்தத் தீவின் தமிழருக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. மலையாள நாட்டில் யாழ்ப்பாணப் பெயரே அந்தப் புகையிலைக்குப் பெயரானது. தெற்குச் சிங்கள ஊர்களில்கூட யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடைகள் இருந்தன. திருகோணமலையோ படைத்தளத்து ஊர். பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த தலைமுறைக்குக் கப்பல்காரரின் சிகரட் அந்தஸ்தின் அடையாளம். சுருட்டு தாத்தாவுக்கு, பீடி கடற்றொழிலாளிக்கு, சிகரட் காற்சட்டைக்காரருக்கு என்று நெடுங்காலம் ஒரு சாதிப்பிரிவே இருந்தது. அந்தப் பிரிவு இன்று விலையால் மட்டும் நிற்கிறது. சிகரட் எட்டாதவர் பீடிக்கு இறங்குகிறார். பீடி இலை இந்தியாவில் இருந்து கள்ளமாகக் கடலில் வருவதும் கடற்படை அதைப் பிடிப்பதும் பத்திரிகைகளில் சலித்துப்போன செய்தி.

இப்போது கடைக்கு வருவோம். இலங்கையில் சிகரட்டைப் பெட்டியாக வாங்குகிறவர் வசதியானவர், அல்லது ஊருக்குப் புதியவர். மற்ற எல்லாரும் ஒன்று, இரண்டு என்று வாங்குகிறவர்கள். “அண்ணை, ஒரு கோல்ட் லீஃப், ஒரு பிளேன்டீ” என்பதுதான் தேத்தண்ணிக் கடையின் தேசிய வாக்கியம். கடைக்காரர் பெட்டியில் இருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். முன்பெல்லாம் தூணில் கங்கு கனியும் கயிறு தொங்கும். இப்போது நூலில் கட்டிய லைட்டர். சிகரட்டுக்குத் துணையாகக் கண்ணாடிப் போத்தலில் இருந்து ஒரு ரொபி, வீட்டுக்குப் போகும்போது வாய் மணக்காமல் இருக்க. ஊரின் மரியாதைச் சட்டத்துக்கான உபகரணமும் இதே கடையில் விற்பனைக்கு இருக்கிறது.

சிகரட் பெட்டியில் படத்துடன் கூடிய எச்சரிக்கை போடுவதற்கு இந்த நாடு பட்ட பாடு கொஞ்சமல்ல. 2012இல் விதிகள் வந்தன. பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கை மறைக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொன்னது. இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றத்துக்குப் போனது. அந்த அளவு குறைக்கப்பட்டது. பிறகு 2015இல் பாராளுமன்றமே சட்டத்தைத் திருத்தி 80 வீதத்தை உறுதியாக்கியது. உலக அளவில் இது பெரிய எச்சரிக்கைகளில் ஒன்று. சிதைந்த வாய், கறுத்த நுரையீரல், படுக்கையில் கிடக்கும் மனிதர், மூன்று மொழிகளில் எழுத்து. அவ்வளவையும் தினமும் பார்க்கிறவர் கடைக்காரர் ஒருவர்தான். வாங்குகிறவர் கைக்கு வருவது வெள்ளைக் குழல். அதில் எச்சரிக்கையும் இல்லை, படமும் இல்லை. நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் வருடக்கணக்கில் இழுபட்ட அந்த 80 வீதத்தை ஒற்றை சிகரட் விற்பனை ஒரே விரலசைவில் தாண்டிப் போய்விடுகிறது.

ஒற்றையாக விற்பதைத் தடைசெய்வது பற்றி அரசாங்கங்கள் மாறி மாறிப் பேசியிருக்கின்றன. பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. பெட்டியைக் கம்பனிச் சின்னம் எதுவும் இல்லாமல் ஒரே நிறத்தில் அச்சிடும் திட்டத்துக்கு 2018இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதுவும் கடைக்கு வந்து சேரவில்லை. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சட்டபூர்வமான சிகரட் சந்தை முழுவதும் ஏறத்தாழ ஒரே கம்பனியின் கையில். அதன் பங்குகளில் 84 வீதம் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்குச் சொந்தம். திறைசேரிக்கு அது கட்டும் வரி ஆண்டுக்கு 100 பில்லியன் ரூபாய்க்கு மேல். புகையிலையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பேர் சாகிறார்கள் என்று அரசின் ஒரு கை எழுதுகிறது, மறு கை வரிப்பற்றுச்சீட்டு எழுதுகிறது.

கம்பஸ் வாசல்

திருகோணமலை படிக்கிற ஊர். ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி என்று பெயர் சொன்னாலே தெரிகிற பள்ளிகள். கடற்படையின் கலாபீடம் துறைமுகத்துக்குள்ளே, விமானப்படையின் கலாபீடம் சீனக்குடாவில். உப்புவெளிக்கு அப்பால், கோணேசபுரியில், கடலைப் பார்த்தபடி கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். 2001இல் வளாகம் என்ற தகுதி பெற்றது. தொடர்பாடலும் வணிகமும் படிக்கிறவர்கள், பிரயோக விஞ்ஞானம் படிக்கிறவர்கள், சித்த மருத்துவம் படிக்கிறவர்கள் என்று தீவின் எல்லாத் திசைகளில் இருந்தும் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள்.

ஊரின் மரியாதைச் சட்டம் இந்தப் பிள்ளைகளிடம் வந்துதான் சறுக்குகிறது. அந்தச் சட்டத்துக்குத் தெரிந்த முகங்கள் வேண்டும். மட்டக்களப்பில் இருந்தோ பதுளையில் இருந்தோ வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவனுக்கு இங்கே யாரைத் தெரியும்? நிலாவெளி வீதியில் சைக்கிளில் போகும் எந்தப் பெரியவரும் அவனுக்கு மாமனில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக யாரும் பார்க்காத ஒரு கடற்கரை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. சீனியர் ஒருவன் நீட்டுகிறான். மறுப்பது கூட்டத்தில் இருந்து விலகுவது போல. வீட்டில் இருந்திருந்தால் தொடாத சிகரட்டை இங்கே தொடுகிறான்.

நாட்டின் சட்டமும் இதே வாசலில்தான் கைவிடுகிறது. இலங்கையில் உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகத்துக்கு அழைப்பு வரும்போது பிள்ளைக்கு 21 வயது நெருங்கிவிடும். சிலருக்கு 22. 21 வயது வரை விற்காதே என்று சட்டம் போட்ட வேலி, கம்பஸ் பதிவு நாளோடு முடிகிறது. இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை. ஆனால் பள்ளி, தகப்பன், வயதெல்லை என்ற மூன்று காவலும் ஒரே வருடத்தில் விலகுவது சந்தைக்கு எவ்வளவு வாய்ப்பு! வேலிக்குள் இருக்கிற 19 வயதுக்காரனுக்கும் அது பெரிய தடையல்ல. கடைக்காரர் அடையாள அட்டை கேட்டு நான் பார்த்ததில்லை. ஒற்றை சிகரட்டுக்கு யார் அட்டை கேட்பார்கள்?

வளாகத்தின் வகுப்பறை, நூலகம், விடுதி எல்லாம் கூரைக்குக் கீழே இருப்பதால் சட்டத்துக்குள் வருகின்றன. வாசலுக்கு வெளியே உள்ள கடை வாங்கில் வராது. ஆகவே வாங்கில்தான் எல்லாம் நடக்கிறது. அங்கே ஒரு முரணும் உண்டு. விரிவுரையாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தால் கைகள் பின்னால் போகின்றன. நான்கு வருடத்தில் அவரும் மாமன் முறையாகிவிடுகிறார் போலும். மரியாதைச் சட்டம் முழுக்கச் சாகவில்லை, ஊர் மாறிப் பிழைக்கப் பார்க்கிறது.

மொத்தக் கணக்கில் பார்த்தால் புகைக்கிறவர்கள் சிறுபான்மைதான். 2015இல் சுகாதார அமைச்சு நடத்திய தொற்றா நோய் ஆய்வின்படி இலங்கையில் வளர்ந்த ஆண்களில் 29.4 வீதம்பேர் புகைக்கிறார்கள், பெண்களில் 0.1 வீதம். பத்தில் ஏழு ஆண்கள் புகைப்பதில்லை. கம்பஸுக்குப் புதிதாக வருகிறவனுக்கு இதை யாரும் சொல்வதில்லை. வாங்கைப் பார்த்து எல்லா ஆண்களும் புகைக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். திரையிலும் அதைத்தான் பார்த்து வளர்ந்தான். நம் தொலைக்காட்சிகளில் கதாநாயகனின் விரலிடுக்கை மங்கலாக்கிக் காட்டுவது அவனிடம் பலிக்காது. மங்கலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத குழந்தை உண்டா?

பெண்களின் 0.1 வீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதைச் சுகாதாரக் கல்வியின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாது. கம்பஸ் பெண் ஒருத்தி வாங்கில் உட்கார்ந்து பற்றவைத்தால் அன்று மாலைக்குள் அவள் ஊரில் தகப்பனுக்குத் தொலைபேசி போய்விடும். அதே கடற்கரையில் வெளிநாட்டுப் பெண் புகைத்தால் கச்சான் விற்கிறவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது: புகையில்லாத புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 5.3 வீதம். வெற்றிலையோடு மெல்லுவது. அதில் வெட்கம் இல்லை, ஒளிவு இல்லை. அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் புகையிலைக் காம்புக்கு நிரந்தர இடம் உண்டு, பேரப்பிள்ளை எடுத்துக் கொடுக்கும். இலங்கை ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் பகுதியில்தான். புகை கண்ணுக்குத் தெரிவதால் அதைச் சுற்றி மரியாதை விதிகள் முளைத்தன. மெல்லுவதில் புகை இல்லாததால் அதற்கு அப்படி எந்த விதியும் இல்லை. 2016இல் அரசு பொதிசெய்த மெல்லும் புகையிலைக் கலவைகளையும் இலத்திரனியல் சிகரட்டையும் தடைசெய்தது. தட்டத்துக் காம்பு அதன் கண்ணில் படவில்லை.

முப்பது அறை

மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளியும் நிலாவெளியும் வேறு ஊராகிவிடும். தென்மேற்கில் மழை பெய்யும்போது இங்கே கடல் கண்ணாடியாக இருக்கும். அதற்காக வெளிநாட்டார் வருவார்கள். சட்டம் இவர்களுக்காக ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. 30 அறைகளுக்குக் குறையாத விடுதியும் 30 பேர் அமரக்கூடிய உணவகமும் புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கலாம். 29 இருக்கைகள் உள்ள சாப்பாட்டுக்கடைக்கு அந்த உரிமை இல்லை. பெரிய விடுதிக்காரர் சட்டப்படி சாம்பல் கிண்ணம் வைப்பார். மூன்று மேசை போட்டுத் தேத்தண்ணி விற்கிறவர், வாடிக்கையாளர் பற்றவைத்தால் தானும் குற்றவாளி. சட்டம் எழுதியவர்கள் எந்த மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று ஊகிக்கக் கூடியதாக இருக்கிறது.

உலகம் இப்போது கூரைக்கு வெளியே வந்துவிட்டது. தாய்லாந்து 2017 நவம்பரில் தன் புகழ்பெற்ற கடற்கரைகள் சிலவற்றில் புகைத்தலைத் தடுத்தது. பார்சலோனா 2022இல் தன் கடற்கரைகள் அனைத்திலும். பிரான்ஸ் 2025 கோடையில் கடற்கரை, பூங்கா, பள்ளி வாசல் எல்லாவற்றிலும். நமக்குப் பக்கத்தில் மாலைதீவு இன்னும் ஒருபடி மேலே போய், 2007 ஜனவரி 1இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு ஆயுள் முழுவதும் புகையிலையே இல்லை என்று 2025 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. அங்கே வரும் சுற்றுலாப் பயணிக்கும் அதே விதி. சுற்றுலா கெட்டுவிடும் என்று பயப்படுகிற நம் அதிகாரிகள் மாலைதீவின் வருமானத்தில் சுற்றுலாவின் பங்கை ஒருதரம் பார்க்கட்டும்.

நிலாவெளிக் கடற்கரைக்கும் புகைத்தடை வேண்டுமா? புகைக்காக அல்ல, கட்டைகளுக்காக வேண்டும் என்பேன். சிகரட் வடிகட்டி பஞ்சு என்று பலர் நினைக்கிறார்கள். அது செலுலோசு அசிட்டேட்டு, ஒருவகைப் பிளாஸ்டிக். மணலில் புதைத்த கட்டையைப் பருவ அலை எடுத்துக் கொண்டுபோகும். எதிரே புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா, பவளப்பாறை. விடுதிக்காரர்களிடம் அவர்களுக்கு முன்னால் உள்ள மணலின் பொறுப்பைக் கொடுத்தால் இதற்குச் சீருடை தேவைப்படாது.

இந்த மாவட்டத்தில் யாரும் விவாதிக்காமல் கடைப்பிடிக்கும் புகைத்தடை ஒன்று உண்டு: சீனக்குடா. பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் ஒன்று மோதிய குதம் நாட்கணக்கில் எரிந்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள். எரிபொருள் இருக்கும் இடத்தில் யாருக்கும் அறிவித்தல் பலகை தேவையில்லை. நெருப்புக்கும் அழிவுக்கும் நடுவே ஒரு நொடிதான் இடைவெளி. சிகரட்டுக்கும் அழிவுக்கும் நடுவே முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தைத்தான் கம்பனி விற்கிறது.

யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017, 2018இல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வர்த்தகர்களோடு பேசிப் பேசி, நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்ச் சந்தைகளில் சிகரட் விற்பனையைக் கடைக்காரர்களே விட்டார்கள். அதிக இடங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில். அதற்குச் சட்டமும் இல்லை, அபராதமும் இல்லை. ஒரு சந்தியில் உள்ள பத்துக் கடைக்காரரும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் நட்டம் இல்லை. ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவர் பிளேன்டீ வியாபாரமும் போய்விடும். ஊரின் மரியாதைச் சட்டம் கடைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனிடம் மட்டும் செல்லுபடியாக வேண்டும் என்று ஏதும் விதி இல்லையே. கணித சேருக்கு முன்னால் புகைக்கக் கூசுகிற ஊரில், கணித சேரின் மகனுக்கு விற்கவும் கூசலாம். கோணேசபுரி வீதிக் கடைகள் அதற்கு நல்ல தொடக்கம். எண்ணிக்கையும் குறைவு, வாடிக்கையாளர் யார் என்பதும் தெரியும்.

அதுவரை விலை ஒன்றுதான் வேலை செய்கிறது. 2016 ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு கோல்ட் லீஃப் 35 ரூபாய். வரியும் வற்றும் சேர்ந்து நவம்பரில் 50 ஆனது. இன்று நூறைத் தாண்டிவிட்டது. நூறு ரூபாய்க்கும் வாங்குகிறார்கள், ஏனென்றால் ஒன்றாக வாங்குகிறார்கள். ஒற்றை விற்பனை நிறுத்தப்பட்டால் இருபது உள்ள ஒரு பெட்டிக்கு 2,000 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டபோது கம்பஸ் மாணவனின் மகாபொலக் கொடுப்பனவு மாதம் 7,500 ரூபாயாக இருந்தது. அறை வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் அதற்குள்ளேதான்.